நிறைவுப் பதிகமும் என் வயிற்றெரிச்சலும்

அருள்புரத்தில் சொந்தமாகத் தையல் யூனிட் வைத்திருப்பவன், ஐம்பதைத் தாண்டியவன், பேத்தி எடுத்தவன். இப்படிப்பட்ட ஒரு ஆள், தன்னைவிட இருபது வயது சின்னவர் தன்னைப் பார்த்துத் தலையாட்டவில்லை என்பதற்காகச் சோறு இறங்காமல் திரிந்தான் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் நான்தான். அந்தச் சின்னவர் எங்கள் ஓதுவார் ஐயா.

ஐயா தெற்கத்திக்காரர். சிறு வயதிலேயே பாடசாலையில் சேர்ந்து பதிகங்களைப் பண்ணோடு படித்தவர். எங்கள் ஊர் ராயபுரத்தில் ஒரு மளிகைக்கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்களுக்கு வகுப்பு எடுக்கிறார். அவர் ஓர் அடி பாடுவார், நாங்கள் திருப்பிப் பாடுவோம். தோட்டங்காட்டை விட்டுவிட்டுப் பனியன் கம்பெனி வைத்த எங்களைப் போன்றவர்கள், தறிக்குடும்பத்துக்காரர்கள், கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே பாயில் உட்கார வேண்டும். அங்கே முதலாளி கிடையாது, தொழிலாளி கிடையாது. எல்லோரும் ஐயா, எல்லோரும் அம்மா. என் யூனிட்டில் என்னிடம் லீவு கேட்கப் பம்முகிற கட்டிங் மாஸ்டர் அங்கே "சிவாயநம" என்று சொல்லி என் காலில் விழுவார். விழுந்தால் நானும் உடனே அவர் காலில் விழ வேண்டும், அதுதான் அடியார் வழக்கம். இருவருக்கும் முட்டி வலி ஒரே அளவு என்பதால் எழுவதற்கும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்வோம்.

வருஷம் ஒரு முறை முற்றோதல். ஒரு கோயிலில் காலையில் உட்கார்ந்து முதல் பதிகத்தில் ஆரம்பித்துப் புத்தகம் முழுவதையும் பாடி முடித்து எழும்போது பொழுது சாய்ந்திருக்கும். ஒவ்வொரு பதிகத்துக்கும் ஒருவர் முன்னால் இருந்து நடத்துவார். கடைசியாக வருகிற நிறைவுப் பதிகம் மட்டும் தனி. எல்லோரும் கையில் பூவோடு எழுந்து நிற்பார்கள். ஐயா தன் கையில் இருக்கிற தாளத்தை யாரிடம் கொடுக்கிறாரோ அவர்தான் அதை நடத்த வேண்டும். முன்கூட்டியே சொல்ல மாட்டார், அந்த நேரத்தில்தான் நீட்டுவார். நான்கைந்து வருஷமாக என்னிடம்தான் நீட்டினார். அந்தத் தாளத்தை ஊரில் ஜால்ரா என்பார்கள். என் விஷயத்தில் இரண்டு பொருளும் சரி என்று என் மச்சினன் சொல்வான்.

என் குரல் இனிமையானது என்று யாரும் பொய் சொன்னதில்லை. சத்தம் உண்டு. ஓவர்லாக் மெஷின்கள் வரிசையாக ஓடுகிற கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கத்திப் பழகிய தொண்டை. கரண்ட் போனால் மைக் நின்றுவிடும், நான் நிற்க மாட்டேன். அந்த ஒரு தகுதியை நான் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த நிலையில்தான், தானே தன் காலில் கோடாலியைப் போட்டுக்கொள்வது போல, என் வீட்டுக்காரியை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காரணம் வேறொன்றுமில்லை. நான் எப்படிப் பாடுகிறேன், நாலு பேர் என்னை எப்படி "வாங்கய்யா" என்று எழுந்து கும்பிடுகிறார்கள் என்பதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். வீட்டில் என் பெருமையை நானே சொல்லி வாய் வலித்துவிட்டது. வருகிறாயா என்று கேட்டதும் மறுபேச்சில்லாமல் சேலை மாற்றிக்கொண்டு வந்ததில் எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான்.

புதிதாக வருகிறவர்கள் ஓர் அடியாவது தனியாகப் பாட வேண்டும் என்பது ஐயாவின் வழக்கம். அவள் பாடினாள். நான் குளியலறையிலும் காரிலும் பாடிப் பாடி வீட்டையே ரொப்பி வைத்திருந்தேன் அல்லவா, அதையெல்லாம் கேட்டு, என் தப்பை மட்டும் உதறிவிட்டு மிச்சத்தைப் படித்து வைத்திருக்கிறாள். ஐயா தாளத்தை மடியில் வைத்தார்.

"அம்மா, அந்த அடிய இன்னொரு தடவ பாடுங்க."

"தப்புங்களா சாமி?"

"தப்பு இல்ல. எனக்கு இன்னொரு மட்டம் கேக்கணும் போல இருக்கு."

என்னையும் அவர் எத்தனையோ முறை இன்னொரு தடவை பாடச் சொல்லியிருக்கிறார். ஒரு முறைகூடக் காரணம் இதுவாக இருந்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்து, உங்க ஊட்டுலயே இப்படியொரு குரலை ஒளிச்சு வெச்சிருக்கீங்களே என்று பாராட்டினார்கள். நானும் பெருந்தன்மையாகச் சிரித்தேன். சிரித்த வாய் மூடவில்லை, உள்ளே அடிவயிற்றில் பாய்லர் பற்றிக்கொண்டது.

ஏற்றுமதித் தொழிலில் ஒரு பையர், அதாவது நம்மிடம் சரக்கு வாங்குகிறவன், கைநழுவிப் போவதற்கு முன்னால் சில அறிகுறிகள் தெரியும். மெயிலுக்குப் பதில் சுருங்கும். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்பது நின்றுபோகும். பக்கத்து யூனிட்டு வாசலில் அவனுடைய கார் நிற்கும். ஐயா விஷயத்தில் எல்லா அறிகுறியும் வரிசையாக வந்தன. காலையில் நான் அனுப்புகிற சிவலிங்கப் படத்துக்கு முன்பெல்லாம் கை கூப்பிய பொம்மை ஒன்று திரும்பி வரும். இப்போது நீலக் குறி மட்டும். அதே நேரத்தில் அடுப்படியில் அவளுடைய போனிலிருந்து ஐயாவின் குரல் கேட்கும், "அம்மா, நேத்து பாடினது நல்லா இருந்தது, மூணாவது அடியில மட்டும் கொஞ்சம் நின்னு போங்க" என்று. நான் அவசரமாக மிக்ஸியைப் போட்டுவிடுவேன். உள்ளே எதுவும் இருக்காது. வெறும் மிக்ஸி ஓடும். ஏனுங்க என்ன அரைக்கறீங்க என்பாள். என்னத்தைச் சொல்ல, என்னையேதான் அரைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு வந்துவிட்டது, அதனால்தான் ஐயாவின் காதுக்கு நான் எட்டவில்லை என்று முடிவு கட்டினேன். தயிரை விட்டேன். மிளகும் பனங்கற்கண்டும் சட்டைப் பையிலேயே இருந்தன. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய், குரல் போய்க்கொண்டிருக்கிறது, எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டேன். அவர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டுத் தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது, வயிற்றிலிருந்து புளித்துப் புளித்து மேலே வருகிறது, மனசில் ஏதாவது கவலையா என்றார். கவலை காரில் உட்கார்ந்து எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. முணுமுணுவென்று பாடிக்கொண்டும் இருந்தது.

பிறகு ஐயா பெண்களுக்கென்று புதன்கிழமை ஒரு வகுப்பு ஆரம்பித்தார். அதை அவளையே எடுக்கச் சொன்னார். ஊரில் அவளை டீச்சரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு நாள் மதியம் யூனிட்டுக்குள் நுழைகிறேன், செக்கிங் மேஜையைச் சுற்றிப் பெண்கள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு பதிகம் பாடுகிறார்கள். என் மேஜை, என் ஃபேன், என் சம்பளம். நடுவில் அவள். பின்னாலேயே நின்று கேட்டேன். ஓர் இடத்தில் என் வாய் தானாகச் சேர்ந்துகொண்டது. எல்லோரும் திரும்பினார்கள். செக்கிங் பிள்ளை ஒன்று, என் மேல் நிஜமான அக்கறையோடு, "நீங்களும் புதங்கெழம அம்மாகிட்ட வந்து கத்துக்கலாமுங்களே சார்" என்றது. கிண்டலாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

கார்த்திகை முற்றோதல் நெருங்கியது. இந்த வருஷம் தாளம் யார் கைக்குப் போகும் என்பதுதான் கண் விழித்தால் என் முதல் யோசனை. பாடி ஜெயிக்க முடியாது என்பது தெளிவாகிவிட்டது. பாட்டில் முடியாவிட்டால் என்ன, எனக்குத் தெரிந்த தொழில் ஒன்று இருக்கிறதே. முற்றோதலுக்கு வருகிற எல்லோருக்கும் டீ-ஷர்ட். ஒரு ஆர்டரில் மிஞ்சிய காவி நிறத் துணி கிடந்தது. வெள்ளைக்காரன் அதற்குத் துரு என்று பெயர் வைத்திருந்தான், எனக்குக் காவியாகத் தெரிந்தது. முதுகில் பெரிதாக ஐந்தெழுத்து. கோயில் பிராகாரம் முழுக்க என் துணி நடமாடும், ஐயா எந்தப் பக்கம் திரும்பினாலும் என் நினைப்பு வராமல் போகாது. இதை வீட்டில் சொல்லவில்லை. போட்டிக்காரியிடம் யாராவது சாம்பிள் காட்டுவார்களா?

பிரிண்டிங் முடிந்து வந்ததில் நிறையப் பீஸ் சாயம் கசிந்திருந்தது. அவற்றை ரிஜெக்ட் என்று ஒதுக்கச் சொல்லிவிட்டு நல்லவற்றை மடித்து மூட்டை கட்டி, நானும் ஒன்றைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். எல்லோருக்கும் கொடுத்தேன். ஏகப்பட்ட சந்தோஷம். கட்டிங் மாஸ்டர்கூட, தான் வெட்டிய துணியையே தொட்டுப் பார்த்து, பிரமாதமுங்க ஐயா என்றார். அவளுக்கும் ஒன்று கொடுத்தேன். அவள் விரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். பொறாமைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐயா டீ-ஷர்ட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பதிகப் புத்தகத்தைத் தரையில் வைக்கக்கூடாது, காலுக்கு நேராக வைக்கக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தவர் அவர். பாயில் வைக்காமல் மடியில் வைத்தார்.

"அண்ணாச்சி, இத உடுத்திட்டுச் சுவத்துல சாயலாமா?"

நான் யோசித்தேன். சாயக்கூடாதுதான். ஒரு பகல் முழுக்கச் சாயாமல் உட்கார எங்களில் யாருக்கும் இடுப்பு கிடையாது. அப்புறம் ஒருவர், கொல்லைப்பக்கம் போய்வர வேண்டியிருந்தால் கழற்றி வைத்துவிட்டுப் போவதா என்று கேட்டார். இன்னொருவர், மற்ற துணியோடு சேர்த்துத் துவைக்கலாமா என்றார். தறிக்குடும்பத்து அம்மா ஒருவர்தான் கடைசியாகக் கேட்டார், பழசாகிக் கிழிந்தால் என்ன செய்வது என்று.

எல்லோர் மனதிலும் அவரவர் வீட்டுப் பழைய பனியன் வந்து நின்றது. நம் ஊரில் பனியனுக்கு ஓய்வு கிடையாது. உடம்பிலிருந்து இறங்கினால் வண்டி துடைக்கப் போகும், அதிலும் நைந்தால் வாசல்படியில் கால் மிதியாகக் கிடக்கும். அத்தனை பேரும் என் முதுகைப் பார்த்தார்கள்.

எனக்கு அப்போது வேறொன்று உறைத்தது. ரிஜெக்ட் பீஸ். ஒதுக்கச் சொன்னேனே தவிர எங்கே வைப்பது என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டால் எங்கே போகும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். கட்டிங் வேஸ்ட்டோடு சேர்ந்து வேஸ்ட் கடைக்குப் போகும். அங்கிருந்து வொர்க்‌ஷாப்களுக்கு, கிரீஸ் துடைக்க. ஐந்தெழுத்து கிரீஸ் துடைக்கப் போய்க்கொண்டிருக்கிறது, அனுப்பியவன் தாளத்துக்கு ஆசைப்பட்டு மாடியில் உட்கார்ந்திருக்கிறான். எழுந்து, வயிறு சரியில்லை என்று சொன்னேன். டாக்டர் சொன்னபடி அது பொய்யும் இல்லை. அவளும் எழுந்து பின்னாலேயே வந்தாள். காரில் ஏறியதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் திட்டவில்லை. வேஸ்ட் கடைக்கு வண்டியை விடச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமையானாலும் கடையில் வடக்கத்திப் பெண்கள் துணி மலை நடுவே உட்கார்ந்து நிறம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த இந்தி "ஜல்தி" ஒன்றுதான். அதை மூன்று தடவை சொன்னேன். என்னத்தை ஜல்தி என்று அவர்களுக்குப் புரியவில்லை. திரும்பி நின்று என் முதுகைச் சுட்டிச் சுட்டிக் காட்டினேன். முதுகு பிடித்துக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்து ஒருத்தி உட்கார ஸ்டூல் எடுத்துப் போட்டாள். அவள்தான், என் வீட்டுக்காரி, குவியலுக்குள் இறங்கிக் காவித் துணியைத் தேடி எடுத்தாள். பெரும்பாலானவை மூட்டை பிரிக்காமலே கிடந்தன. ஒரு கட்டு மட்டும் காலையிலேயே பல்லடம் ரோட்டில் ஒரு டூ-வீலர் வொர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டது என்று கடைக்காரர் சொன்னார்.

வொர்க்‌ஷாப் மெக்கானிக்கிடம் கட்டு பத்திரமாக இருந்தது. பல்பு எரிகிற முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டி, ஊதுபத்தியும் கொளுத்தி வைத்திருந்தார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் நான் போட்டிருப்பதும் அதே டீ-ஷர்ட் என்பது நினைவு வந்து, முதுகைக் காரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"சாமி பேர அடிச்சுத் தொடைக்கிற துணியில போட்டு உட்ருக்கானுங்க," என்றார் அவர். "ஆயில் கையோட எடுத்தனுங்க, எழுத்தப் பாத்ததும் கைய கழுவிட்டு வந்து மாட்டி வெச்சனுங்க. எந்தக் கிறுக்கன்னு தெரியலீங்க. அவனுக்கெல்லாம் யூனிட்டு எப்படிங்க ஓடுது?"

"அதெல்லாம் நல்லா ஓடுதுங்க," என்றாள் அவள்.

கட்டை வாங்கிக்கொண்டு காருக்குள் நான் எப்படி ஏறினேன் என்பதை எழுதினால் பேத்தி பெரியவளாகிப் படித்துவிடுவாள். முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே ஏறினேன் என்று மட்டும் சொல்கிறேன்.

மறுநாள் நான் யூனிட்டுக்குப் போவதற்குள் வேலை ஆரம்பமாகியிருந்தது. வகுப்பில் கொடுத்தவற்றையும் திரும்ப வரவழைத்து, எல்லா டீ-ஷர்ட்டின் முதுகையும் எழுத்து சிதையாமல் சதுரமாக வெட்டி, ஓரம் அடித்து, நாடா வைத்துப் பதிகப் புத்தகத்தைச் சுற்றிக் கட்டுகிற துணியாகத் தைத்துக்கொண்டிருந்தார்கள் அவளும் செக்கிங் பெண்களும். பாடிக்கொண்டே. புத்தகத்தை எப்படியும் துணியில் சுற்றித்தான் எடுத்துப் போவோம். இனிமேல் சாய்வதும் இல்லை, மிதிப்பதும் இல்லை. வெட்டித் தைப்பதுதான் என் ஜீவனம், எனக்கு இது தோன்றவில்லை. அந்த யோசனையைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்தது. ஐயாவிடம் முதல் துணியைக் கொடுத்தபோது தன் புத்தகத்தை அதில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, இது பொருத்தமா இருக்கும்மா என்றார். பிறகு நான் நிற்பதைப் பார்த்து, மரியாதைக்காக, "துணி நல்ல துணி அண்ணாச்சி" என்றார்.

முற்றோதல் அன்று பல்லடம் பக்கத்துச் சிவன் கோயிலில் கூட்டம் நிரம்பியிருந்தது. பாடினோம், மதியம் அடியார்களை உட்கார வைத்துச் சோறு போட்டோம், மறுபடி பாடினோம். பொழுது இறங்கியது. நிறைவுப் பதிகத்துக்கு எல்லோரும் எழுந்தார்கள். கையில் பூ வந்தது. நான் பூவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைக் காலியாக வைத்திருந்தேன். அவ்வளவுக்கும் பிறகும் எனக்கு நம்பிக்கை விடவில்லை. ஐயா தாளத்தோடு எங்கள் பக்கம் நடந்து வந்தார். என் கை முன்னால் போய்விட்டது. அவர் என்னைத் தாண்டிப்போய் அவளிடம் நீட்டினார். நீட்டிய கையை நான் சும்மா திரும்பக் கொண்டுவர முடியாமல் பக்கத்திலிருந்தவர் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டேன். நூல் எதுவும் இல்லை.

அவள் தயங்குவாள் என்று எதிர்பார்த்தேன். அவர் நடத்தட்டுமுங்க சாமி என்று என்னைக் காட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி அப்புறம் வாங்கிக்கொள்வது வரைக்கும் மனதில் ஓடிவிட்டது. அவள் தாளத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், கண்ணை மூடினாள், எடுத்துவிட்டாள் முதல் அடியை.

திருப்பிப் பாட வேண்டியது நாங்கள். நான் பாடினேன். கோபுரத்துப் புறா கிளம்புகிற அளவுக்குப் பாடினேன். இரண்டாவது அடிக்கு இன்னும் ஏற்றினேன். பக்கத்திலிருந்த கட்டிங் மாஸ்டர் என் காதருகே குனிந்தார்.

"ஐயா, கொஞ்சம் மெல்லங்க. அம்மா பாடறது கேக்கல."

குரலை இறக்கினேன். இறக்கியதும் கேட்டது. சுமாராக இருந்திருந்தால் எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். நன்றாக இருந்தது. அதைவிட மோசமான செய்தி எனக்கு அந்த வருஷம் வரவில்லை. எந்த அடியை நான் எப்போதும் கத்திக் கடந்துபோவேனோ அந்த அடியில் அவள் நின்றாள், ஒன்றும் செய்யாமல் நின்றாள், முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நடத்தும்போது அவர் காதைத்தான் பொத்திக்கொள்வார். பூவைப் போட வேண்டிய இடத்தில் எல்லோரும் போட்டார்கள், நான் மட்டும் கையில் பிடித்தபடியே நின்றிருக்கிறேன்.

திரும்பி வரும்போது பல்லடம் ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நான் பேசக்கூடாது என்று உறுதியாக இருந்தேன். வீரபாண்டிப் பிரிவுவரைகூட அது தாங்கவில்லை.

"நான் நடத்தறப்ப நல்லா இருந்துச்சா, நீ நடத்தறப்பவா?"

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அந்த மாடியில இருந்து வர்றப்ப உங்க மூஞ்சி ஒரு மாதிரி இருக்குமுங்க. கல்யாணமான புதுசுலகூட என்னையப் பாத்து அப்படி இருந்ததில்ல. எனக்குப் பத்திக்கிட்டு வரும். அப்படி என்னதான் அங்க இருக்குதுன்னு பாக்கத்தானுங்க அன்னைக்கு உங்க கூட வந்தேன்."

நான் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவள் அதையும் ஊரில் சொல்லிவிடுவாள். ஆனால் ஸ்டியரிங் கொஞ்சம் ஆடியது. என் மேல் ஒருத்திக்கு வயிறெரிந்திருக்கிறது. அதுவும் வருஷக்கணக்கில். நான் அதைக் கவனிக்காமல் குளியலறையில் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இப்பவும் இருக்குதா?" என்றேன். எவ்வளவு ஆசையாகக் கேட்டேன் என்பதை இங்கே எழுதவில்லை.

"இல்லீங்க. அந்த மொத நாளு பாடினேன் பாருங்க, அப்பவே போயிருச்சு."

அவளுக்கு ஒரே அடியில் போய்விட்டது. எனக்கோ மிளகுக்கும் போகவில்லை, மாத்திரைக்கும் போகவில்லை, ஒரு பகல் முழுக்கப் பாடியும் போகவில்லை. அதிலும் அவளே முந்திக்கொண்டாள்.

"கொஞ்சங்கூடவா இல்ல?" என்றேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க," என்றாள்.